மலைச்சாமி கடை ஹெல்மெட்

“தலையில இதப் போட்டாத்தான் சைக்கிளு வெளிய போகும்.” மலைச்சாமி ஹெல்மெட்டை நீட்டினார். யாரோ கழித்துப்போட்ட பழைய ஸ்கூட்டர் ஹெல்மெட். உள்ளே மட்டும் புதுத் துணி வைத்துத் தைத்திருந்தார்.

தேவிகா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதரை. பத்து மணிக்கு அவனியாபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. பஸ் ஸ்டிரைக். பழங்காநத்தம் முழுக்க அலைந்ததில் மிஞ்சியது இந்தக் கடையில் இந்த ஒரே ஒரு வாடகைச் சைக்கிள்தான்.

“சைக்கிளுக்கு எவன்ணே ஹெல்மெட்டு போடுறான்? இன்டர்வியூக்குப் போறேன். இதக் கவுத்துக்கிட்டுப் போய்ப் பரட்டைத் தலையோட நின்னா வேலை குடுப்பாங்களா?”

“சீப்பு கொண்டுபோங்க.”

“பூ வச்சிருக்கேன்.”

“பூவ இங்க குடுத்துட்டுப் போங்க. தண்ணி தெளிச்சு வைக்கிறேன்.”

பக்கத்து டீக்கடைக் காளை சிரித்தார். “போன மாசம் பொண்ணு பாக்கப் போனவனுக்கே மாட்டிவிட்டாரும்மா. பொண்ணு வீட்ல திருட்டுப்பயன்னு நெனச்சுக் கதவச் சாத்திட்டாகளாம்.”

தேவிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளையும்தான் நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். தன் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் அவள்தான். இந்த வேலை கிடைத்தால் காப்பித் தட்டைத் தூக்காமல் தப்பிக்கலாம். கிடைக்காவிட்டால் படித்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போடத்தான்.

அது தெரிந்துதான் காலையில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வாசலில் நின்று, போயிட்டு வாரேன் என்று காலிக் கூடத்தைப் பார்த்துத்தான் சொல்லிவிட்டு வந்தாள்.

“உங்ககூட மல்லுக்கட்ட நேரமில்லண்ணே. விடுங்க.” ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தாள். அவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபப்படவும் இல்லை, விடவும் இல்லை.

காளை டீ கிளாஸோடு அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். “கோவிச்சுக்காதம்மா. உள்ள பாரு.”

தொங்கிய டியூப்புகளுக்கு நடுவே சுவரில் ஒரு படம். இரட்டைச் சடை, பள்ளிக்கூடத் தாவணி. பேப்பரில் வந்ததை வெட்டிக் கண்ணாடி போட்டிருந்தார். முகம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. காலையில் சாத்திய மல்லிகைச் சரம் இன்னும் வாடவில்லை.

“அவரு மக. சைக்கிள்ல போகையில பஸ்ஸு தட்டி விட்டுருச்சு. அதுலேர்ந்து மனுசன் ஒண்டிக்கட்டை. நல்லது கெட்டதுக்குக்கூட எங்கிட்டும் போறதில்ல. எங்களுக்கும் அதப் பத்திக் கேக்க மனசு வாரதில்ல.”

தேவிகாவின் பிடி தளர்ந்தது. பூவை எடுத்து மலைச்சாமியிடம் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

“வாரை இறுக்குங்க. லூசாப் போட்டா போடாததுக்குச் சமம்.” அவர் முதல் தடவையாக நீளமாகப் பேசினார். “பெரிய அடியெல்லாம் இல்லம்மா. முட்டியில சிராய்ப்புகூட இல்ல. மண்டை மட்டும் பிளாட்பாரக் கல்லுல பட்டுச்சு. இம்புட்டுக்காணு சத்தம். தலையில ஏதாவது இருந்திருந்தா, எந்திரிச்சுப் பாவாடையத் தட்டிட்டுப் போயிருக்கும்.”

தேவிகா வாரை இழுத்து இறுக்கினாள்.

“மெதுவாப் போங்க. பத்து நிமிசம் பிந்தினா ஒண்ணும் கெட்டுப்போகாது. முழுசாத் திரும்பி வந்தாப் போதும்.”

அவள் திரும்பி வரவேண்டும் என்று காலையிலிருந்து சொன்ன ஒரே ஆள். இவ்வளவு நேரம் கத்தியதற்கு ஈடாக ஏதாவது அன்பாகக் கேட்டுவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது.

“வீட்ல பாப்பாவச் செல்லமா என்னன்னு கூப்புடுவீங்கண்ணே?”

காளை டீக்கடைக்குத் திரும்பிப் போயிருந்தார். மலைச்சாமி கையிலிருந்த பூவின்மேல் தண்ணீர் தெளித்தார்.

“தெரியாதும்மா. அந்தப் பஸ்ஸ ஓட்டுனவன் நானு.”