மஞ்சள்கரு

"12.6.1998. காக்கைக்கு வைக்கும் மஞ்சள்கருவைக் காக்கைதான் தின்கிறது என்று இத்தனை மாதமாக நினைத்தது என் தவறு. இன்று காலை, மஞ்சள்கரு வைத்த தாள் நாலாக மடிந்து கிடந்தது."

காக்கை தாளை மடிக்குமா? எழுதிவிட்டு ஹரிஷ்குமார் யோசித்தான்.

மாலை வகுப்பு முடிந்ததும் அவித்த முட்டை வாங்கிவந்து, மொட்டைமாடியில் ஒளிந்து வெள்ளைக்கருவை மட்டும் தின்பான். தொப்பை கரைய வேண்டும், நெஞ்சும் புஜமும் ஏற வேண்டும் என்றால் அதுதான் வழி என்று ஜிம் மாஸ்டர் சொல்லியிருந்தார். வீடோ சுத்த சைவம். முட்டை தின்ற குற்றத்துக்காகச் சித்தப்பாவையே அப்பா வாசற்படி ஏறவிடுவதில்லை.

யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அம்மாவா, தங்கச்சியா?

அன்று அப்பாவும் அவனையே உற்று உற்றுப் பார்த்தார்.

"என்னடா, தொப்பையக் காணோம்? புஜம் வேற இம்புட்டு ஏறிருக்கு?"

"தண்டால் எடுக்கேன்ப்பா."

"வெறும் தண்டாலுக்கா? மாடிக்கு வா, பேசணும்."

வீட்டைவிட்டே துரத்தப்போகிறார் என்று நினைத்தபடி ஹரிஷ் பின்னாலேயே படியேறினான். அப்பா மாடிக் கதவைச் சாத்தினார். தன் வயிற்றைக் கவலையோடு தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"அம்மாகிட்ட மூச்சு விட்றாத. உங்க மாஸ்டர்ட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. மஞ்சக்கருவ மட்டும் தின்னா தொப்பை போடுமாடா?"

இரவு ஹரிஷ் டைரியில் இன்னொரு வரி சேர்த்தான்: "நாளைக் காலை அப்பாவை ஜிம்மில் சேர்க்க வேண்டும்."