நாலில் ஒன்று

"நாலுல ஒண்ணுதானே? அதுக்கா இப்படி ஒடுங்கிப்போய் உக்காந்திருக்கே?"

செவ்வந்தி கேட்டதும் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். புருஷனின் சர்க்கரை ரிப்போர்ட்டை வாங்கிப்போக ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள் செவ்வந்தி. சும்மா உட்காரத் தெரியாதவள். அரைமணி நேரமாக டோக்கனை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்திருந்தாள்.

கிடைத்த விவரம் கொஞ்சம்தான். பெயர் ரிஃப்கா, அய்யம்பேட்டை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ரத்தம் கொடுத்து, அதைச் சென்னைக்கு அனுப்பிப் பதினைந்து நாள் ஆகிறது. இன்றைக்கு முடிவு. வாய்ப்பு நாலில் ஒன்று என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

என்ன வியாதி என்று கேட்கச் செவ்வந்திக்கு வாய் வரவில்லை. முப்பது வயசுகூட இருக்காது. பாவம், என்னத்தைக் கண்டுவிட்டார்களோ.

"மழைக்கு இருபத்தஞ்சு சதவீதம்னு செல்லுல காட்டுனா நாங்க தைரியமா நெல்லக் காயப் போட்டுருவோம்" என்றாள். "மூணு பங்கு வராதுன்னுதானே அர்த்தம்?"

"ஆமாக்கா. மூணு பங்கு வராதுன்னுதான் அர்த்தம்." சொல்லும்போதே ரிஃப்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தேற்றப் போய் அழவைத்துவிட்டோமே என்று செவ்வந்தி பதறினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிஃப்காவே கேட்டாள். "அப்படிப் போட்டு ஒருதடவகூட நனைஞ்சதில்லையா?"

"நனையாம? போன குறுவையில அதே இருபத்தஞ்சுதான் காட்டுச்சு. தார்ப்பாய எடுத்துட்டு ஓடறதுக்குள்ள கொட்டித் தீத்துடுச்சு. பத்து மூட்டை நெல்லு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது என்னிக்கோ ஒருநாள்மா. உனக்கு அப்படில்லாம் ஆகாது."

ரிஃப்கா மறுபடியும் டோக்கனை மடிக்க ஆரம்பித்தாள்.

"குடும்பத்துல வர்றதா?"

"ஆமா. அம்மாகிட்டேருந்து பாதி, அத்தாகிட்டேருந்து பாதி. கூடப்பொறந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் நாலுல ஒண்ணுன்னாங்க. அக்கா ரெண்டு பேரு, சின்னண்ணன், மூணு பேருக்கும் பாத்தாச்சு. யாருக்கும் வரல. நான்தான் கடைசி."

செவ்வந்தி தன்னையறியாமல் விரல்களை மடக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மடக்காமல் நின்ற நாலாவது விரலை ரிஃப்கா பார்த்துவிட்டாள்.

"அப்படி எண்ணக் கூடாதுக்கா. அவங்க மூணு பேருக்கு என்ன ஆச்சுன்னு என் ரத்தத்துக்குத் தெரியாது. எனக்கும் அதே நாலுல ஒண்ணுதான். பிள்ளைங்களுக்கு நாணயத்தச் சுண்டிக் காட்டி வருசா வருசம் இதத்தான் சொல்லித் தர்றேன்."

"அப்பறம் என்ன? கணக்கு டீச்சரே பயந்தா?"

"போர்டுல எழுதறப்ப அது வெறும் நம்பர். ஆயிரம் பேரப் பாத்தா எரநூத்தம்பது பேருக்கு வரும்னு ஈசியா சொல்லிரலாம். நான் ஒருத்திதானேக்கா? எனக்குக் கால்வாசி வராது. ஒண்ணு வரும், இல்ல வராது."

செவ்வந்தி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ரிஃப்காவின் போன் அடித்தது.

"இல்ல அத்தா, இன்னும் கூப்பிடல... நீங்க துஆ செய்ங்க... அண்ணி அழுவுறாங்களா? அழ வேணாம்னு சொல்லுங்க. தெரிஞ்சதும் நானே கூப்பிடுறேன்."

நாத்தனாருக்காக இப்படி அழுகிற அண்ணி யாருக்குக் கிடைப்பாள் என்று செவ்வந்தி நினைத்துக்கொண்டாள். அந்தக் குடும்பத்தின் மேலேயே ஒரு பிரியம் வந்துவிட்டது அவளுக்கு.

"ரிஃப்கா!" கவுண்டரிலிருந்து குரல் வந்தது.

எழுந்து போனாள். கையெழுத்துப் போட்டு உறையை வாங்கினாள். அங்கேயே கிழித்துப் படித்தாள். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது.

செவ்வந்தி பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"என்னம்மா? என்ன போட்டிருக்கு?"

"வந்துருச்சுக்கா... எனக்கு வந்துருச்சு."

செவ்வந்தி அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. "அழாதம்மா. இப்ப எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்கு. குணமாக்கிடலாம்."

"ஆமாக்கா, குணமாக்கிடலாம்!" ஈர முகத்தை நிமிர்த்தினாள் ரிஃப்கா. அழுதுகொண்டே சிரித்தாள். "எங்க பெரியண்ணனுக்கு ரத்தப் புத்துநோய். எலும்பு மஜ்ஜை குடுக்க யாருது பொருந்தும்னுதான் தேடிட்டிருந்தோம். என்னுது பொருந்திடுச்சுக்கா!"