கடைசி வளையம்

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியின் புல்தரையில், சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் தையல் பிரிவு மோகனா நிற்கிறாள். கையில் இருப்பது கடைசி வளையம். தோல் துண்டுகளை முறுக்கிக் கட்டியது, சாப்பாட்டுத் தட்டு அகலம். பன்னிரண்டடி தள்ளி நட்டிருக்கும் குச்சியில் அது விழுந்தால், இந்த மாதம் முழுக்க வெள்ளிக்கிழமை பிரியாணிக்குத் தையல் பிரிவுதான் முதல் வரிசை. விழாவிட்டால், பேக்கிங் பிரிவு தின்றது போக மிஞ்சும், கறி பீஸ் இல்லாத வெறும் குஸ்காதான். முந்தைய இரண்டு வளையங்களும் செம்பருத்திச் செடியில் தொங்குகின்றன. “கைய ஜாஸ்தி தூக்காத, தட்டையா வீசு,” என்கிறாள் பின்னாலிருந்து ஷர்மிளா. “சும்மா இருடி, பேஜார் பண்ணாத.” குச்சியை ஒட்டி, வாயில் விசிலோடு, நடுவர் தமிழ்வேந்தன். பேக்கிங் சூப்பர்வைசர். அவர் வழுக்கையில் வெயில் மினுங்குகிறது. மோகனா கண்ணை இறுக மூடிக்கொண்டு வீசுகிறாள். சுழன்று போன வளையம் நடுவரின் தலைவழியே இறங்கி, கழுத்தில் மாலையாக நிற்கிறது. விசில் தெறித்து விழுகிறது. “ஃபவுல்! ஃபவுல்!” என்று கத்திக்கொண்டே அதை எடுக்கக் குனிகிறார். வளையம் வழுக்கையில் சறுக்கி, குச்சியைச் சுற்றிப் பொத்தென்று உட்காருகிறது. “தரைய தொடாமதானே குச்சில விழுந்துச்சு, இன்னா சார் சொல்றீங்க?” என்கிறாள் மோகனா. தமிழ்வேந்தன் குச்சியைப் பார்க்கிறார். கையைக் கட்டிக்கொண்டு நெருங்கி வரும் தையல் பிரிவின் நாற்பது பெண்களையும் பார்க்கிறார். விசிலை எடுத்து நீளமாக ஊதிவிட்டு, மெல்லக் கேட்கிறார்: “எங்களுக்கும் ரெண்டு பீஸ் வைங்கம்மா.”