நரி தெரியாத கண்ணாடி

சைக்கிளில் போகும் முயலுக்குப் பின்னால் வரும் நரி தெரியட்டும் என்று, ஹெல்மெட் செய்து விற்கும் அணில் பதினோரு முறை கம்பியை வளைத்துப் பார்த்து ஹெல்மெட்டில் ஒரு கண்ணாடி பொருத்தியது.

"விலை கட்டுப்படியாகாது அணிலண்ணே," என்றது முயல். "அதோட, இதுல நரி தெரியுது. பார்த்தாலே கால் பெடலை மிதிக்க மாட்டேங்குது."

அணில் தலையாட்டியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதே அளவுத் தகரத்தில் வெறும் சாலையை வரைந்து மாட்டியது. விலை கால்வாசியானது.

"இதுதாண்ணே கண்ணாடி! பின்னால ஈ காக்காகூட இல்ல!" முயல் பாடிக்கொண்டே மெதுவாகப் போனது.

மறுநாள் அந்த ஹெல்மெட்டைக் கவ்விக்கொண்டு நரி வந்தது.

"அருமையான வேலை தம்பி. காட்டுல மொத்தம் எத்தனை முயல்? ஆளுக்கொண்ணு செஞ்சிடு. செலவு என்னோடது."

அணில் விரல்விட்டு எண்ணத் தொடங்கியது.