அரைத்தட்டு முன்னால்

அந்த ராக் இசைக்குழு பத்து வருடத்துக்கு ஒன்றாக மூன்று பெரிய கச்சேரிகள் நடத்தியிருந்தது. மூன்றிலும் பாடிய ஒரே பாட்டை ஒப்பிட்டு, நல்ல பதிவைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஒலிப்பதிவாளரான அவளிடம் வந்தது. முதல் கச்சேரிக்குப் போன அவளுடைய தம்பி வீடு திரும்பவே இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை என்று அவள் ஏறி இறங்காத படியில்லை.

முதல் பதிவில், கூட்டத்தின் கடைசியில் யாரோ தாளத்துக்கு அரைத்தட்டு முந்திக் கைதட்டுவது கேட்டது. தம்பிக்கு ஜென்மத்துக்கும் தாளம் வராது. "பாட்டை முந்திக்கிட்டு எங்கடா ஓடுற?" என்று அவளே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள்.

இரண்டாவது பதிவில் அதே கைதட்டல் கூட்டத்தின் நடுவிலிருந்து வந்தது. மூன்றாவதில் மேடைக்கு முன்னால், பாடகரின் மைக்கை ஒட்டிக் கேட்டது.

அவள் உடனே பாடகருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, இன்னும் ஒரே ஒரு கச்சேரி. உங்க கால்ல வேணா விழறேன்."

"தொண்டையே போயிடுச்சும்மா. கடைய மூடியாச்சு."

போனை வைத்துவிட்டு, ஆளில்லாத ஸ்டுடியோவில் மைக்கைப் போட்டு அவளே அந்தப் பாட்டைப் பாடினாள். குரல் உடைந்தது. பாதி வரிகள் மறந்துபோயின. ஆனாலும் நிறுத்தவில்லை. கைதட்ட வேண்டிய இடம் நெருங்கியது. அதற்கு அரைத்தட்டு முன்னால், இரண்டு உள்ளங்கைகள் சேரும்போது எழும் சின்னக் காற்று அவள் பிடரியில் பட்டது.