பெயர் சொல்லும் நேரம்

பள்ளிவாசலில் மிம்பர் என்னும் பிரசங்க மேடையின் அடியில், பிரசங்கம் செய்யும் கதீப் முஸ்லிஹெத்தினின் தாடி நடுங்குகிறது. வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் ஊரை ஆள்பவரின் பெயரைச் சொல்லி வாழ்த்த வேண்டும்; மாற்றிச் சொன்னால் தலை உருளும். இந்த ஊரோ கரமான் நாட்டுச் சிற்றரசரான பேவுக்கும் ஒஸ்மானிய சுல்தானுக்கும் நடுவே இந்த வசந்தத்தில் மட்டும் நாற்பது முறை கைமாறிவிட்டது. விடிகாலையில் மறுபடி யாரோ கோட்டையைப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு படைக்கும் ஒரே மொழி, ஒரே மீசை. "எவன்யா பிடிச்சது, துர்சுன்?" என்று பாங்கு சொல்லும் மோதினாரிடம் கிசுகிசுக்கிறார். "கேட்டா, 'உனக்கே தெரியாதா?'ன்னு சிப்பாய் கத்தியை உருவறான், ஹோஜா ஐயா. ஓடியாந்துட்டேன்." முன்வரிசையில் புதிய தளபதி மடியில் வாளோடு உட்கார்ந்திருக்கிறான். கதீப் படியேறுகிறார். சன்னல் வெயிலில் தூசி மினுங்குகிறது. பிரசங்கம் அந்த இடத்துக்கு வந்தே விடுகிறது. "நம்மை ஆளும்..." என்று இழுக்கிறார். ரொட்டிக்கடை யாகூப் இருமுகிறார். பக்கத்திலிருக்கும் கொல்லர் இருமுகிறார். பிரசங்கத்தின் நடுவே பேசத்தான் கூடாது, இருமலாம். முந்நூறு பேரும் நுரையீரல் வெளியே வந்து விழுகிற மாதிரி இருமுகிறார்கள்; கூரைப் புறாக்களெல்லாம் பதறிப் பறக்கின்றன. கதீப் உதட்டை மட்டும் அசைத்துவிட்டு, "நீடூழி வாழ்க!" என்று முழங்குகிறார். "ஆமீன்!" தொழுகை முடிந்ததும் தளபதி யாகூபின் தோளைப் பிடிக்கிறான். "யார் பேரைய்யா சொன்னாரு?" "உங்க எஜமானர் பேரைத்தான்! அழுத்தந்திருத்தமா சொன்னாரே, காதுல விழலியா?" தளபதி சட்டென்று தோளை விடுகிறான். "விழுந்துச்சு, விழுந்துச்சு" என்று மீசையை முறுக்கிக்கொண்டு வாசலுக்கு நடக்கிறான். அவன் எவருடைய ஆள் என்பது இன்னும் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.