தொண்ணூற்றாறு மார்க் வாங்கிய சாவு

கைப்பேசியில் நடக்கும் மாடித்தோட்டக் குழுவில் நாற்பதாயிரம் பேர். கத்தரிக்காய் காய்த்ததைச் சொல்வதற்கே முன்னுரை, முடிவுரையோடு எழுதுவார்கள். எழுதிய நடைக்குக் குழுவின் இயந்திரம் நூற்றுக்கு மார்க் போடும். அறுபதுக்குக் கீழே வாங்கிய எழுத்து, அதேபோல் வாங்கியவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும்.

குழுவின் செல்லப்பிள்ளையான பூங்கொடி காலையில் இறந்துபோனாள். கணவர் நாச்சிமுத்து அவளுடைய கைப்பேசியை எடுத்து, ஆயுசில் முதன்முறையாக அங்கே எழுதினார்: “பூங்கொடி போயிட்டாளுங்க. மூணு மாடி எறக்கோணும். நாலு பேர் வாங்க.”

முப்பத்தொரு மார்க். ‘திருத்தித் தரட்டுமா?’ என்றது இயந்திரம். சரியென்று தொட்டார்.

‘ஒரு தோட்டம் தன் தாயை இழந்தது’ என்று தொடங்கி நாலு பத்தி வந்தது. ஆட்களைக் கூப்பிட்ட வரி மட்டும் நடைக்கு ஒட்டவில்லை என்று விழுந்துவிட்டது. தொண்ணூற்றாறு மார்க்! மதியத்துக்குள் பதினோராயிரம் பேர் உருகிவிட்டார்கள். “மூன்றாம் பத்தியைச் சற்றுச் சுருக்கியிருக்கலாம்” என்றார் ஒருவர்.

மூன்று மணிக்கு ஒரு பெண் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

“நான் செல்வமணிங்க. குழுவுல எனக்கு இருவது மார்க்குதான். நீங்க மொதல்ல எழுதுனது எனக்கு வந்துச்சுங்க.”

“மத்தவங்க வரலீங்களா?”

“எங்க கம்மி மார்க்குக் கூட்டத்துல எல்லாரும் எப்பவோ வெலகிட்டாங்க. நான் ஒருத்திதானுங்க மிச்சம். நீங்க தலைமாட்டப் புடிங்க.”

இருவருமாக மூன்று மாடி இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பூங்கொடியைத் தரையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள்.